வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ஈசுவர வருஷம், தை மாதம் 14

குஞ்சம்மாளுக்கு, உன் வீட்டுக்காரன் சென்னிமலை தன் கையாலேயே எழுதுவது. ஆமாம், என் கையால்தான்! யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. இங்கே நானும் கோழிகளும் சுகம். அயோத்தியாப்பட்டணத்தில் நீயும் மகளும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கச் செங்கோட்டு வேலவன் துணை.

இதை மாப்பிள்ளை கருப்பண்ணன்தான் உனக்குப் படித்துக் காட்ட வேண்டும். மாப்பிள்ளை, மேலே இருப்பது உங்கள் மாமியார் பெயர். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள், அவள் பார்க்கட்டும். நாற்பது வருஷத்தில் நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏ புள்ளே'தான். ஆனால் சிலேட்டில் நான் முதலில் எழுதப் பழகியது அதைத்தான். அதில் அந்த 'ஞ்' வளைந்துகொடுக்க மூன்று நாள் ஆனது. இன்னொன்று, மெதுவாகப் படியுங்கள். நான் போடாத சத்தத்தை நீங்கள் போட்டுவிட வேண்டாம்.

நீ போன பிறகு ஐப்பசியில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கஷாயத்துக்கும் கேட்கவில்லை. சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். கத்திக் கத்தி உள்ளே காய்ப்புக் காய்த்திருக்கிறது, மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் குரல் அடியோடு போய்விடும் என்றார். சந்தையில் ஏலம் கூவுகிறவரா என்றும் கேட்டார். கூட வந்த எதிர்வீட்டு வீரபாகு, இல்லைங்க, மாட்டுத் தரகருங்க, சந்தையில வாயே தொறக்க மாட்டாருங்க, கத்துறதெல்லாம் ஊட்டுலதானுங்க என்று சொல்லிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைத் திட்டியிருப்பேன். எங்கே திட்டுவது!

அந்த வீரபாகுதான் எழுத்துச் சொல்லித் தந்தான். அவன் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டே சொல்வான், நான் பக்கத்தில் சிலேட்டோடு இருப்பேன். எதிர்த்துப் பேசாத மாணாக்கன் என்று மெச்சிக்கொண்டான். இப்போது பஸ் மேலே எழுதியிருப்பதையும் சவுக்காரக் கட்டியில் இருப்பதையும் விடுவதில்லை. அவன் பெண்சாதி ஜானகியம்மாள், இந்த மூணு மாசமாத்தான் தெருவுல கொழந்தைங்க பகல்ல தூங்குதுங்க என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

பேசாமல் கிடந்தால் என்னென்னவோ காதில் விழுகிறது. ஆவணியில் நீ சந்தையில் கேட்டது இப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. அன்றைக்குச் சந்தைக்கு வந்தது உன் சீதனத்து எருமையின் வழியில் வந்த எருமை. நீ புல் அறுத்துப் போட்டு வளர்த்தது. விலை பார்க்கத்தான் என்று சொல்லி உன்னையே ஓட்டிவரச் செய்தேன். நானும் பள்ளிபாளையம் செல்லமுத்துவும் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரல் பிடித்தே விலை பேசி முடித்தோம். நீ பக்கத்திலேயே நின்றாய், ஒன்றும் தெரியவில்லை. அவன் வந்து உன் கையிலிருந்து கயிற்றை வாங்கியபோதுதான் தெரிந்தது. ஏனுங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். அதற்கு நான் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே நீ பஸ் ஏறினாய்.

இப்போது சமாசாரத்தைக் கேள்! போன சந்தைக்குச் செல்லமுத்து உன் எருமையை ஓட்டி வந்திருந்தான். பெட்டைக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி! அவனுக்கு உழவு மாடு வாங்க வேண்டுமாம், இதை விற்கிறான். துண்டைப் போட்டேன். விலை படிந்துவிட்டது, கடைசி விரலை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் கையை உருவிக்கொண்டேன். படிந்த விலையில் தரகன் கையை உருவுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உனக்குத் தெரியும். அவன் முறைத்தான். நான் சிலேட்டில், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதி நீட்டினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. சுங்கம் வாங்கும் தீர்த்தகிரியிடம் கொடுத்தான். அந்தப் பாவி ஊருக்கே கேட்கும்படி படித்தான். ஒரே சிரிப்பு. ஏனுங்க தரகரே, தொண்டையோட மீசையும் போச்சுங்களா என்றான் செல்லமுத்து. எனக்கும் சிரிப்பு வந்தது, சத்தம்தான் வரவில்லை. இரண்டு சந்தை பொறுக்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான்.

ஆகையால் கேட்கிறேன். அந்த எருமை உனக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏன் என்று கேட்க மாட்டேன்.

நாளை மறுநாள் மூன்று மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு பேசலாம். வாயைத் திறந்தால் பழைய சத்தமே வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. அதனால் நீ வரும்வரை சிலேட்டை வைத்துக்கொண்டே இருக்கலாம் என்று நினைக்கிறேன். நீ வந்து, பேசுங்க என்று சொன்னால் பேசுவேன்.

வர மனமில்லை என்றால் அதையும் மாப்பிள்ளையை எழுதச் சொல். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு என்ன எழுதுவதென்று வீரபாகுவும் சொல்லித் தரவில்லை.

இப்படிக்கு,
உன் பதிலைக் கேட்கக் காத்திருக்கும்
சென்னிமலை