பூனைக்காக வந்த போலீஸ்

வெண்டல்,

சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

நேற்று நம் வீட்டுத் திருட்டு அலாரம் அடித்து, அலாரம் கம்பெனி போலீஸைக் கூப்பிட்டதும் ஸ்டேஷனிலிருந்து என்னையேதான் அனுப்பினார்கள். சைரன் போட்டு வந்து பார்த்தால், கூடத்தில் நம் பூனை குதித்துக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் பூனையால் அலாரம் அடிப்பது இது நான்காவது முறை. அதே நேரத்தில் பர்ச் தெருவில் ஒரு பெண் புருஷனுக்குப் பயந்து போலீஸைக் கூப்பிட்டிருக்கிறாள். நம் வீட்டிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் அவள் கையை உடைத்துவிட்டான்.

"இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். அந்தக் கோபத்தில்தான் உன்னிடம் கத்தினேன். நான் வேலைக்குப் போனால் தனியாக இருக்க உனக்குப் பயம், அதனால்தான் அலாரம் வைத்தாய் என்று எனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு அலாரம் கம்பெனி ஆள் வருவார். "முதல்ல எங்க ரெண்டு பேருக்கும் போன் பண்ணுங்க, அப்புறம் போலீஸக் கூப்பிடுங்க" என்று சொல்லி, என் நம்பரையும் கொடு.

– கொரின்

பி.கு.: எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் போனை எடுப்பேன்.