வந்திருப்பவரும் வராதவரும்

2024 நவம்பர் 12, செவ்வாய்

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஹுமேரா துணிகளைக் கொடியில் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறாள். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வழக்கம்போல் கொல்லைக் குழாயில் முழங்கை வரை கையை நனைத்துக்கொண்டு, தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். "மழை வருதுங்க, குடை எடுத்துட்டுப் போங்க" என்றாள். எடுத்துக்கொண்டேன்.

போன இடம் மஸ்ஜித் இல்லை. ஸ்டேஷன். முதல் பிளாட்பாரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற ஒரு வண்டியைப் பார்த்தேன். தொழுகை முடிந்திருக்கும் என்று தோன்றியதும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் என் தொழுகை.

இஷ்தியாக் அகமது, நீ யாரை ஏமாற்றுகிறாய்?

மலக்குடலில் கட்டி என்றார்கள், வெட்டி எடுத்தார்கள், அந்த வழியைத் தைத்து மூடிவிட்டார்கள். வயிற்றின் இடப்பக்கம் ஓட்டை போட்டு ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். இனிமேல் எல்லாம் அதில்தான். அடக்கவும் முடியாது, எப்போது வரும் என்று தெரியவும் தெரியாது. வெளியே எல்லோருக்கும் 'வயித்துல ஒரு ஆபரேஷன்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். ஹுமேராவுக்கும் மகள் உமைமாவுக்கும்தான் தெரியும். கொஞ்சம் காற்றுப் பிரிந்தாலே தொழுகைக்குக் கைகால் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிடும் என்று சின்ன வயதில் படித்தவன் நான். நஜீஸை, அசுத்தத்தை, இடுப்பில் கட்டிக்கொண்டு அல்லாஹ்வுக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது?

நவம்பர் 15, வெள்ளி

போனேன். போயிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையையும் விட்டால் மனுஷனே இல்லை என்று தோன்றியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பையைப் புதிதாக மாற்றி, இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, அத்தர் பூசிக்கொண்டு போனேன். நடு வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் செருப்புக் கடை சர்தார் பாஷா. தோளோடு தோள்.

முதல் ரக்அத்தில் நிற்கும் வரை ஒன்றுமில்லை. ஸஜ்தாவில் குனிந்ததும் பை அழுந்தியது. சத்தம். அந்த அமைதியில், அத்தனை பேர் நெற்றியைத் தரையில் வைத்திருக்கும்போது. எழுந்து நின்றால் வாடை வந்துவிட்டது, அல்லது வந்தது போல் எனக்கு இருந்தது. சர்தார் பாஷாவின் தோள் என் தோளை விட்டு விலகியது. அதை நன்றாக உணர்ந்தேன்.

தொழுகையை முறித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே வெளியே வந்தேன். எத்தனை பேர் முன்னால் குறுக்கே நடந்தேனோ. செருப்பைக் கூடக் கையில்தான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 16

பை. தண்ணீர். பை.

நவம்பர் 24, ஞாயிறு

பின் தெருவில் பாய்ஜானைப் பார்த்துவிட்டு வந்தேன். முக்தார் அகமது, என் ஒரே அண்ணன். அவர் மனைவி, எங்கள் பாபி, இறந்த பிறகு தனியாக இருக்கிறார், பிள்ளைகள் இல்லை, நம் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போகிறது. இதயம் ரொம்பவே பலவீனமாகிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உருதுவில்தான் பேசினார். எனக்கு எழுத வருவது தமிழ்தான், அதனால் தமிழில் எழுதுகிறேன்.

"நான் போயிட்டா என் ஜனாஸாவை நீதான் முன்ன நின்னு தொழ வைக்கணும்."

"என்ன பாய்ஜான் பேச்சு இது."

"பேச வேண்டிய பேச்சுதான். மகன் இருந்தா அவனைச் சொல்வேன். இல்ல. நீதான் இருக்க. துஆ ஞாபகம் இருக்கா, இல்ல தொழிற்சாலையில தோல் பார்த்துப் பார்த்து மறந்துட்டியா? ஓது பாக்கலாம்."

அப்பா மௌத்தாகிப் போன அன்று, இறந்தவருக்காக ஓதும் ஜனாஸா துஆவை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஓதினேன். எங்கும் தட்டவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, வைக்கிறியா?" என்றார்.

"வைக்கிறேன் பாய்ஜான்."

அவருக்கும் பையைப் பற்றித் தெரியாது. அவர் உடம்பு இருக்கும் நிலையில் இதையும் சொல்லவேண்டாம் என்று நாங்களே முடிவெடுத்தோம். இப்போது மரணப் படுக்கையில் இருப்பவருக்குப் பொய்யாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

முனிரத்தினம் வந்திருந்தான். தொழிற்சாலையில் செலக்‌ஷன் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன். பதப்படுத்தின தோலை விரித்து, உண்ணி கடித்த தடம், முள் கிழிசல், கத்தி பட்ட ஓட்டை என்று பார்த்துத் தரம் பிரிப்பது எங்கள் வேலை.

"இன்னா பாய், வீட்ல ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வச்சிருக்கீங்க? குளிருதே."

"சும்மா, காத்தோட்டத்துக்கு."

"உங்க எடத்துல ஒரு புது ஆளப் போட்டிருக்காங்க. ஓட்டைய ஓட்டைன்னு சொல்லத் தெரியல அவனுக்கு. சீக்கிரம் வாங்க பாய், ரொம்ப பேஜாரா கீது."

சிரித்தேன். அவன் போகும் வரை பையை முழங்கையால் அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஓட்டை உள்ள தோலைக் கழிவுக் குவியலில்தான் போடுவோம் என்று எனக்குத் தெரியாதா?

டிசம்பர் 10, செவ்வாய்

சண்டை. நான்தான் கத்தினேன்.

ஹுமேரா மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "நம்ம மஸ்ஜித் இமாம் ஹஜரத் கிட்ட ஒரு தடவ கேட்டாத்தான் இன்னா? இதுக்கும் ஒரு வழி இருக்கும்ல."

"எப்பிடிக் கேக்குறது? சலாம் சொல்லிட்டு, ஹஜரத், எனக்கு வயித்துல பீ வருதுன்னு சொல்லவா? அந்தாளுக்கு என் மருமகன் வயசு!"

"சொல்லுங்க. நோய்தான அது? திருட்டா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. நான் தொழுதுட்டுத்தான வர்றேன்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஸ்டேஷன்ல உக்காந்துட்டு வர்றீங்க. அங்க இருக்குற பூக்காரம்மா எப்பவோ சொல்லிடுச்சு."

எப்பவோ. அப்படியானால் இத்தனை நாளும் நான் கையை நனைத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் தெரிந்துகொண்டேதான் குடையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் கேட்கமாட்டேன். கேட்டு, கூடாது என்று அவர் சொல்லிவிட்டால்? கேட்காதவரை ஒரு கதவாவது மூடாமல் இருக்கிறது.

டிசம்பர் 28, சனி

பாய்ஜான் போய்விட்டார். விடியற்கால ஃபஜ்ர் பாங்குக்குச் சற்று முன்னால்.

டிசம்பர் 29, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நானே வேறு மாதிரி மாற்றி நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றினேன். கஃபன் துணியில் கற்பூரம் தூவினேன். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது முன்னால் தோள் கொடுக்கப் போனேன், "உங்களுக்கு ஆபரேஷன் ஆன உடம்பு, வேணாம்" என்று தடுத்துவிட்டார்கள். தொட்டுக்கொண்டே நடந்தேன்.

அடக்கம் செய்யும் கபரஸ்தான் மைதானத்தில் இறக்கி வைத்து, தொழுகைக்கு வரிசை நின்றது. ஹஜரத் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "நீங்கதான் வலி, பொறுப்பான ரத்த சொந்தம். நீங்க தொழ வைக்கிறீங்களா?"

"நீங்களே வைங்க ஹஜரத்."

"உங்க இஜாஸத்தோட?"

"என் இஜாஸத்தோட."

அனுமதி கொடுத்துவிட்டு முன் வரிசையில் நின்றிருக்கலாம். நிற்கத்தான் போனேன். அப்போது பையில் சூடாக இறங்கியது. காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடாத வயிற்றில் எங்கிருந்துதான் வருமோ. இந்த நிலையில் பாய்ஜானுக்கு முன்னால் நின்று அவருடைய தொழுகையையும் நான் கெடுக்க வேண்டுமா? பின்னால் வந்தேன். இன்னும் பின்னால். கேட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் செருப்பு விட்டிருந்த இடத்தில் வந்து நின்றேன். யாரோ ஒருவர் அவசரமாக ஓடிவந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வாங்க பாய், தொழுகைக்கு நிய்யத் கட்டிட்டாங்க" என்றார். போனைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

நாலு முறை 'அல்லாஹு அக்பர்' என்னும் தக்பீர். குனியும் ருகூ கிடையாது, ஸஜ்தா கிடையாது, வெறுமனே நிற்பதுதான். அதைக் கூடச் செய்யவில்லை. மூன்றாவது தக்பீருக்குப் பிறகு எல்லோரும் மனதுக்குள் துஆ ஓதுகிற அந்த நிசப்தத்தில் என் உதடு அசைந்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

மண் தள்ளும்போது மட்டும் முன்னால் போனேன். மூன்று பிடி போட்டேன்.

என்னை மன்னிச்சிடுங்க பாய்ஜான். வைக்கிறேன்னு சொன்னனே. சொன்னனே.

2025 ஜனவரி 5, ஞாயிறு

உமைமா குடியாத்தத்திலிருந்து வந்திருக்கிறாள். வந்ததுமே கேட்டாள். "அப்பா, பெரியப்பா தொழுகையில உங்களக் காணோம்னு எங்க மாமியார் வீட்டு வரைக்கும் பேச்சு வந்துடுச்சு. அண்ணன் தம்பிக்குள்ள ஏதாவது மனஸ்தாபமான்னு கேக்குறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

மனஸ்தாபம் என்றே சொல்லிவிடு என்றேன். அழுதுவிட்டாள்.

ஜனவரி 17, வெள்ளி

ஹஜரத் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரிக்க வந்ததாகத்தான் சொன்னார். ஹுமேரா கூப்பிட்டிருக்கிறாள் என்பது அவள் டீ வைத்துவிட்டு உள்ளே போன வேகத்திலேயே தெரிந்தது.

அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்கள மாதிரி நிலைமையில இருக்குறவங்கள மஃதூர்னு சொல்லுவோம். அதாவது, அடக்குறது அவங்க கையில இல்ல, மார்க்கம் மன்னிச்சிருக்கு. ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதுசா ஒளு செஞ்சுக்குங்க. அந்த வக்து முடியுற வரைக்கும் இதுல எது வந்தாலும் ஒளு முறியாது. பைய சுத்தம் பண்ணிட்டு தாராளமா ஜமாஅத்துக்கு வாங்க. மஸ்ஜித்ல சொட்டாம இருந்தா போதும்."

"சத்தம் வந்தா?"

"வரட்டுமே."

"மத்தவங்களுக்குத் தொழ வைக்கலாமா?"

"அது மட்டும் கூடாது. பின்னால நின்னு தொழலாம்."

"ஜனாஸா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதைக் கேட்கிறேன் என்று புரிந்துவிட்டது. "அதுவும்தான். அன்னிக்கு ஒளு போயிடுச்சுன்னு நெனச்சிருந்தாக் கூட, தொழுகை தப்பிடும்னு பயம் இருந்தா ஒளுவுக்குப் பதிலா மண்ணத் தொட்டு தயம்மும் செஞ்சுட்டு நின்னிருக்கலாம். ஜனாஸாவுக்கு அந்தச் சலுகை உண்டு."

மண். என் காலடியில் கபரஸ்தான் முழுக்க மண்தானே இருந்தது.

"இப்போ தொழ முடியுமா ஹஜரத்? கபருக்குப் போய்?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்க இஜாஸத் கொடுத்து தொழ வச்சாச்சு. நம்ம மத்ஹப் சட்டத்துல ஒரு ஜனாஸாவுக்கு ஒரு தொழுகைதான். துஆ செய்யுங்க. எப்பவும் செய்யலாம்."

மக்தபில் ஓதும் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்த மார்க்க மஸ்அலா என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷன். ஆனால் தெரிந்த மஸ்அலாதான். நானும் அந்த வயதில் படித்திருப்பேன், காதில் விழுந்திருக்காது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கதவு திறந்தே இருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் போனதும் அறைக்குள் போய்ச் சுவரில் தலையை மோதிக்கொண்டேன். ஹுமேரா ஓடிவந்து நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் கையை வைத்தாள்.

ஜனவரி 18

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்னும் தொழவில்லை. இப்போது தடை இல்லை, அதனால்தான் இன்னும் மோசமாக இருக்கிறது. முஸல்லாவைத் தொழுகைக்கு விரித்து உட்கார்கிறேன். கையைக் கட்டினால் அந்த கேட் வாசல்தான் கண்முன்னால் வருகிறது. என் வெட்கத்துக்காக அண்ணனை விட்டவன், இப்போது எனக்காக எதைக் கேட்பது? மடித்து வைத்துவிடுகிறேன்.

ஸ்டேஷனுக்கும் போவதில்லை. அதற்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

மார்ச் 2, ஞாயிறு

ரமலானின் முதல் நோன்பு. எனக்கு இல்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் குடல் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்குச் சாப்பாடு போடவேண்டும். ஹுமேரா ஏற்பாடு செய்துவிட்டாள். பகலில் அவள் பட்டினியாக நின்று எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். தெருவே நோன்பு, நான் மட்டும் வாயைத் துடைத்துக்கொள்கிறேன். தொழுகையும் போய், நோன்பும் போய், என்னிடம் மிச்சம் இருப்பது வாயால் சொல்லும் கலிமா ஒன்றுதான்.

மார்ச் 7, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்தேன்.

ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஹுமேரா போகச் சொல்லவும் இல்லை. பையை மாற்றினேன், ஒளு செய்தேன், முகம், கை, தலை, கால் என்று முழுதாக. கால் தானாக ஸ்டேஷன் பக்கம் திரும்பியது, பிறகு நேரே போனது.

கடைசி வரிசையில் ஓரமாக நின்றேன். தொழுகை தொடங்க இகாமத் சொன்ன பிறகு ஓடிவந்து என் பக்கத்தில் சேர்ந்தவர் சர்தார் பாஷா. நடுவில் இடைவெளி விட்டு நின்றேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், வரிசையில் எல்லோரும் செய்கிற மாதிரி. ஸஜ்தாவில் பை சத்தம் போட்டது. அவர் தோள் அங்கேயே இருந்தது. காதில் விழவில்லையா, விழுந்தும் நகரவில்லையா? அன்றைக்கும் அவர் என்னால்தான் நகர்ந்தாரா? கேட்கவில்லை. கேட்காமல் முடிவு கட்டுவது என் பழக்கம்.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் அறிவிப்பு: ஜனாஸா ஒன்று இருக்கிறது, பீகார்க்காரர், தோல் ஷெட்டில் வேலை செய்தவர், ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லை, எல்லோரும் நின்று தொழுதுவிட்டுப் போகவும். வெளியே முற்றத்தில் வைத்திருந்தார்கள். செருப்பு விட்ட இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினேன்.

மூன்றாவது தக்பீருக்குப் பிறகு துஆ. எத்தனையோ ஜனாஸாக்களில் ஓதினது, நவம்பரில் பாய்ஜானுக்கு முன்னால் தட்டாமல் ஒப்பித்தது. யா அல்லாஹ், எங்களில் உயிரோடிருப்பவரையும் இறந்தவரையும் மன்னிப்பாயாக. வந்திருப்பவரையும் வராதவரையும்—

அங்கே நின்றுவிட்டேன். அர்த்தம் புதிது இல்லை, பாய்ஜானே சொல்லிக் கொடுத்தது. ஆனால் டிசம்பரில் அந்த மைதானத்தில் அத்தனை பேரும் இதைத்தானே ஓதியிருக்கிறார்கள். அவருக்காக ஓதும்போதே, கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கே தெரியாமல். வராதவன் நான்தான்.

நாலாவது தக்பீர் சொல்லிவிட்டார்கள். மீதியை முடிக்கவில்லை. கண் மறைத்துவிட்டது. சர்தார் பாஷா துண்டை நீட்டினார். "உங்களுக்குத் தெரிஞ்சவரா பாய்?" என்றார்.

"இல்ல. பேர் கூடத் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் ஹுமேரா என் முகத்தைப் பார்த்தாள். தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

பாய்ஜானுக்குக் கொடுத்த வாக்கு போனது போனதுதான். அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

அசருக்குப் பாங்கு சொல்கிறார்கள். பையை மாற்றிவிட்டு ஒளு செய்ய வேண்டும்.