கடல் முதலையின் படுகளம்

21 பிப்ரவரி 1966, திங்கள்

தலைமையாசிரியர் அரங்கநாதன் மதியம் கூப்பிட்டனுப்பினார். மார்ச் பதினெட்டாம் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறாராம், அறிவியல் கண்காட்சி என் பொறுப்பாம். நன்றாக அமைந்தால் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி அவரே இன்ஸ்பெக்டரிடம் பேசுவார். இல்லையென்றால் ஏப்ரலோடு செஞ்சிக்கு ஒரு கும்பிடு. மூன்று வருடத்தில் இது எனக்கு நான்காவது ஊர். டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்துவிட்டது.

எதைக் காட்டுவது? எங்கள் ஆய்வுக்கூடம் என்பது ஒரு பீரோ. அதற்குள் ஐந்து சோதனைக் குழாய்களும் பாட்டிலில் ஒரு தவளையும்.

24 பிப்ரவரி, வியாழன்

கிடைத்துவிட்டது. என் கல்லூரி நோட்டில் இருக்கிறது, மெட்ரியோரிங்கஸ். பதினைந்து கோடி வருடத்துக்கு முன் கடலிலேயே வாழ்ந்த முதலைக் கூட்டம். காலெல்லாம் துடுப்பு. வாலின் நுனி கீழே வளைந்து மீன்வால் மாதிரி விரிந்திருக்கும். முதுகில் முரட்டுச் செதில் கிடையாது. வாரிசே இல்லாமல் அழிந்துபோன வம்சம். பாவம், எவ்வளவு அழகு!

மைதானத்தில் மண்ணால் செய்து கிடத்தினால் என்ன?

2 மார்ச், புதன்

சிங்கவரம் போய் முருகையனைப் பார்த்தேன். பாரதத் திருவிழாவின் கடைசி நாளான படுகளத்துக்கு மண்ணில் துரியோதனனை மல்லாத்திச் செய்கிறவர் அவர்தான். பீமன் தொடையில் அடித்துக் கூத்து முடிந்ததும், சனங்கள் ஆளுக்கொரு பிடி அந்த மண்ணை எடுத்துப்போய் நெற்குதிரில் போடுவார்கள். விளைச்சல் பெருகுமாம்.

என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா டீச்சரம்மா, இதுக்குக் காலே கெடையாதா?” என்றார். பத்தடி நீளம் போதும் என்றேன். முப்பதடிக்குக் குறைவாக அவருக்குக் கை வராதாம். சரி என்று வந்துவிட்டேன். வேறு வழி?

15 மார்ச், செவ்வாய்

செதில் வேண்டாம் என்று முருகையனிடம் மூன்றாவது முறையாகச் சொன்னேன். அழித்துவிட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

17 மார்ச், வியாழன்

முடிந்தது. முப்பதடி! ஆனால் முதலை மல்லாந்து கிடக்கிறது. கேட்டால், படுத்திருக்கிற உருவத்துக்கு முகம் தெரிய வேண்டாமா என்கிறார். இனி யார் புரட்டிப் போடுவது? வயிறு மேலே இருந்தால் துடுப்புகள் நன்றாகத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வேலை முடிந்த வழக்கப்படி தேங்காய் உடைத்துக் கற்பூரமும் ஏற்றிவிட்டுப் போனார் மனிதர். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிரிப்பாக இருந்தது.

18 மார்ச், வெள்ளி, காலை

போச்சு. எல்லாம் போச்சு.

விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன் — பாதி முதலையைக் காணோம். வால் இல்லை, பின்துடுப்புகள் இல்லை. வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்த பெண்கள் கூடையிலும் முந்தானையிலும் மண்ணை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, சிங்கவரத்து விருத்தாம்பாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்! “துரியோதனன் மண்ணுதானேம்மா? குதிருக்குத்தான் எடுத்தேன்.” மண் உடம்பு மல்லாந்து கிடக்குது, பக்கத்திலே கற்பூரக் கரி. அவங்க வேற என்ன நினைப்பாங்க? அந்த மனுஷன் எதுக்குக் கற்பூரம் ஏத்தணும்? நான் எதுக்கு வாயை மூடிக்கிட்டு நின்னேன்?

இது முதலை என்று கத்தினேன். விருத்தாம்பாள் மிச்சம் இருந்த தலையைக் குனிந்து பார்த்து, முந்தானை மண்ணைத் திரும்பக் கொட்டப் போனாள். அந்த மண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர். பெட்டியை எடுத்துத் தூசி தட்ட வேண்டியதுதான்.

அன்றே, மாலை

இன்ஸ்பெக்டர் முதலையைச் சுற்றி வந்தார். மீதி எங்கே என்றார். தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொல்லும்போதே வாயில் தானாக வந்தது: “பூமிக்குள்ள கிடைக்கிறதும் இப்படித்தான் சார். தலை கிடைச்சா வால் கிடைக்காது. மீதியை நாமதான் கண்டுபிடிக்கணும்.”

உடனே அவர் என் வகுப்புப் பெண்களைக் கூப்பிட்டு, காணாமல் போன வாலை மண்ணில் கோடு போட்டுக் காட்டச் சொன்னார். அரைமணி நேரம் ஒரே கூச்சல். கடைசியில் அவரே குச்சியை வாங்கி ஒரு வால் வரைந்தார், நுனி மேல்நோக்கி. “கீழே வளையணும் சார்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் செருப்பால் அழித்துவிட்டுத் திருத்திப் போட்டார்.

ஜீப்பில் ஏறும்போது தலைமையாசிரியரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “இந்தம்மாவை விட்டுடாதீங்க.”

இரண்டு வேளைச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சாப்பிட்டேன்.

20 ஜூன், திங்கள்

என்னை நிரந்தரமாக்கிய உத்தரவு போன வாரமே வந்துவிட்டது. அதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன், இங்கே எழுதத்தான் மறந்துவிட்டேன்.

இன்று பள்ளி விட்டதும் வாசலில் விருத்தாம்பாள் நின்றிருந்தாள், மடியில் எனக்கு ஒரு படி வேர்க்கடலையோடு, அவள் பாஷையில் மல்லாட்டை. முதலை மண்ணைப் போட்ட குதிரில் இந்தத் தடவை நெல் நிறைந்துவிட்டதாம். மண்ணுக்கும் நெல்லுக்கும் சம்பந்தமில்லை என்று அறிவியல் ஆசிரியை சொல்ல வேண்டாமா? சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, “அது கெடக்கட்டும், அடுத்த வருசம் மொதலை எப்பம்மா படுக்குது?” என்றாள்.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை என்றேன். அடுத்த பங்குனிக்கு எந்த ஊரில் இருப்பேனோ என்று யோசிக்காமல் நான் சொன்ன முதல் தேதி அது.