சாயங்காலத்தில் செத்துப்போகும் ஜாய்ஸ்டிக்

என் துளசிராம் மாப்ளைக்கு,

செத்தவனுக்கு எழுதும் கடிதம் போய்ச் சேருமா? சேராது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் இதை எழுதி, எல்லோரும் படிக்கிற இடத்தில் போடப் போகிறேன். உன்னைப் பற்றிய பேச்சு நடுத்தெருவில்தானே நடந்தது? பதிலும் அங்கேயே நடக்கட்டும்.

முதலில் செய்தி. விளாங்குடி பிரவுசிங் சென்டரில் அந்த ஜாய்ஸ்டிக்கைத் திறந்துவிட்டோம். முதலாளி இருந்தார், அவருடைய அக்கா மகன் கார்த்தி இருந்தான், உன் தங்கச்சி பத்மா இருந்தாள். திருகைக் கழற்றியது என் கை. தினமும் பத்து கம்ப்யூட்டரைப் பிரித்துப் போடுகிற கை அது.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்.

நீ அந்த சென்டரில் வேலை பார்த்தாய். மெயில் பார்க்க வருகிற கூட்டம் குறைந்த சமயம் பார்த்து, சிங்கப்பூரிலிருந்து கார்த்தியின் அண்ணன் அந்த ஜாய்ஸ்டிக்கை அனுப்பினான். உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானங்களை ஓட்டும் கேம் அது. அந்த ஜாய்ஸ்டிக் மற்றவை மாதிரி பிளாஸ்டிக் குச்சி இல்லை. உள்ளே இரண்டு மோட்டார். விமானம் காற்றில் திணறினால் நம் கையை எதிர்த்துத் தள்ளும், குண்டு பட்டால் உதறும். கைப்பிடியை விட்டால் மோட்டார் ஓய்ந்து அப்படியே சாய்ந்து படுத்துக்கொள்ளும். பிடித்தால் எழுந்து நிற்கும். "பாரு மாப்ள, கைய எடுத்தா தூங்கிருவாரு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் நீ காட்டுவாய்.

காலேஜ் பையன்கள் மணிக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். முதல் வாரமே புகார்.

"அண்ணே, நான் நேராத்தேன் ஓட்டுறேன். வண்டி ஓடுபாதைய விட்டு இடப்பக்கமா போயிப் புல்லுக்குள்ள சொருகுதுண்ணே. ஜாய்ஸ்டிக் அவுட்டுண்ணே."

"ஜாய்ஸ்டிக் அவுட்டில்ல, நீதான் அவுட்டு. மூக்குல ஒத்தக் காத்தாடி இருக்குற பழைய விமானம்டா அது. முழு வேகம் குடுத்தா இடப்பக்கம் இழுக்கத்தான் செய்யும். கைப்பிடிய வலப்பக்கமா லேசாத் திருகிக்கிட்டே போ. எந்திரிச்சதும் விட்டுரு."

விமானத்தின் குணம் எது, செட்டிங்கில் உள்ள தப்பு எது, கருவியின் கோளாறு எது என்று முதலில் பிரிக்க வேண்டும் என்பாய். விமானம் வேகம் குறைந்து விழப்போகும் முன் கைப்பிடி நடுங்குமே, அது கோளாறு இல்லை, எச்சரிக்கை என்பாய். அந்த நடுக்கத்தை நம்பித்தான் பையன்கள் விமானத்தை வளைத்தார்கள்.

ஆயுத பூசை முடிந்த வாரம் அந்த நடுக்கம் நின்றுபோனது.

காலையில் ஜாய்ஸ்டிக் முரட்டுத்தனமாக இருக்கும். கூட்டம் வருகிற சாயங்காலம் செத்த பாம்பு மாதிரிக் கிடக்கும். எதிர்ப்பு இல்லை, நடுக்கம் இல்லை. எச்சரிக்கை இல்லாமல் விமானங்கள் விழுந்தன. பையன்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். நீ டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டாய். கேமில் எதிர்ப்பின் அளவை ஏற்றி இறக்கினாய். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாய், அடாப்டரை மாற்றினாய். மறுநாள் காலை எல்லாம் சரியாகிவிடும். சாயங்காலம் மறுபடி சாவு.

முதலாளி இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் சாயங்காலம் மட்டும்தான் வருவார். ஒருநாள் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டார்.

"காலையில பலமா இருக்குங்கிற, அது சாயங்காலம் எங்கடா போகுது? அது என்ன சம்பளமா, கரைஞ்சு போறதுக்கு?"

"தெரியலண்ணே. பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன்."

"அடியில சீல் கிழிஞ்சிருக்கு?"

"காப்பி கொட்டுனப்ப நீங்கதான திறந்து தொடைக்கச் சொன்னீங்க."

"நான் எப்படா சொன்னேன்?"

அவ்வளவுதான். சிங்கப்பூர் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு, பொம்மைக் கார் மோட்டாரை உள்ளே போட்டுவிட்டாய் என்று முடிவாகிவிட்டது. உன் சாப்பாட்டுப் பையை மேசையில் கவிழ்த்தார்கள். புளியோதரை டப்பா திறந்து சிந்தியது. கார்த்தியும் அதே ஜாய்ஸ்டிக்கைத் தினமும் தொட்டவன்தான், சாவி அவனிடமும் இருந்தது. என்ஜினீயரிங் படிக்கிறவன் பையைத் திறக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தறிக்காரர் மகனின் பை என்றால் எல்லோருக்கும் கை நீள்கிறது. ஏன் மாப்ள?

உன்னை வேலையை விட்டுத் துரத்தினார்கள். ஜாய்ஸ்டிக்கை யாரும் திறந்து பார்க்கவில்லை, அதையும் கவனி. திருடன் என்று சொல்வதற்கு அது தேவைப்படவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

தை பிறப்பதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. முதலாளி மாலையோடு வந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "தங்கமான பையன். கைதான் கொஞ்சம் நீளம்." உன் உடம்பு உள்ளே கிடக்கிறது. எனக்குக் கேட்டது, பத்மாவுக்கும் கேட்டது.

அவள் டி.டி.பி. படித்து முடித்துவிட்டாள். தல்லாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். போன மாதம் சேரப் போனபோது இடம் இல்லை என்றார்கள். அங்கிருந்த அம்மா ஒருவர்தான் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: "விளாங்குடில விசாரிச்சாங்க பாப்பா. அந்த மோட்டார் பையன் தங்கச்சியாமே நீ?"

செத்தும் நீ திருடனாகவே இருந்தாய். அதனால் சோறு பறிபோனது அவளுக்கு.

நான் நேரம் பார்த்துக் காத்திருந்தேன். விளாங்குடி சென்டரில் மூன்று கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை என்று எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு போன் வந்தது. நான் போனேன். போகும்போது பத்மாவையும் பைக்கில் கூட்டிப்போனேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாய்யா வீரணா. அலங்காநல்லூர்க்காரனுக்கு மாடுதான் பிடிக்கத் தெரியும்னு நெனச்சேன், கம்ப்யூட்டரும் பிடிக்கிறியே."

"பிடிக்கிறேண்ணே. அதுக்கு முன்னாடி பீரோவத் திறங்க. ஜாய்ஸ்டிக்கப் பாத்துட்டுத்தேன் மத்த வேலை."

"அது குப்பைப்பா. வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

எடுத்துப் போயிருப்பேன். பத்மா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேணாம்ணே. வீட்டுக்குக் கொண்டுபோனா நீங்க நல்ல மோட்டார வாங்கி மாட்டிட்டு வந்துட்டீங்கன்னு சொல்லுவாங்க. நானே அப்படித்தான் நெனப்பேன்." இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள். உன் தங்கச்சி யாரையும் நம்புவதில்லை, மாப்ள. எனக்கு அது பிடித்திருந்தது.

கல்லா மேசையிலேயே வைத்தோம். நான்கு திருகு. மூன்றைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே பொம்மைக் கார் மோட்டார் இருந்தால்? அம்மாவுக்கு மருந்து, தறிக்கு வேலை இல்லாத மாதங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். நீ எடுத்திருக்க மாட்டாய் என்று மனது சொன்னது. மனது சொல்வதை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று சொன்னவனும் நீதான். கார்த்தியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் எச்சில் விழுங்கினான். நீதானடா என்று அந்த நிமிடம் முடிவே கட்டிவிட்டேன்.

அடித்தட்டைத் தூக்கினேன். இரண்டு மோட்டாரும் இருந்தன. ஒரே அச்சு, ஒரே எண் வரிசை. மோட்டாரைப் பிடித்திருந்த திருகுகளின் தலையில் கம்பெனியில் வைத்த சிவப்பு வார்னிஷ் ஒன்றில்கூட விரிசல் விடவில்லை. அதை உடைக்காமல் திருகைத் தொடவே முடியாது. பத்மாவின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வைத்தேன். முதலாளியையும் குனிய வைத்தேன்.

அவர் நிமிர்ந்து சொன்னார்: "சரிப்பா, இருக்கு. அப்ப ஏன் சாயங்காலம் செத்துச்சு? என்னத்தையோ நோண்டி வச்சிருக்கான்ல?"

திருட்டுப் பழி போனால் நோண்டல் பழி. உன் மேல் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும் அவருக்கு.

மூடி, மின்சாரம் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் உன் விமானத்தையே எடுத்தேன். கைப்பிடி விறைத்து எழுந்தது. பலமாகத்தான் இருந்தது. நான் கையை எடுத்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அண்ணே, அது படுக்கலையே" என்றான் கார்த்தி.

"என்னது?"

"கைய எடுத்துட்டீங்க. துளசி அண்ணன் காட்டுவாருல்ல, விட்டா தூங்கிரும்னு. இப்ப நின்னுக்கிட்டே இருக்கு. யாரோ பிடிச்சிருக்கிற மாதிரி."

நான் சந்தேகப்பட்டவன் சொன்னது அது. சொல்லிவிட்டு அவனே பயந்து ஓரடி பின்னால் போனான்.

கை இருக்கிறதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தோம். முன்பக்கம், விரல் படுகிற இடத்தில், ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. விளிம்பில் மட்டும் கறுப்புக் கண்ணாடி ஒன்று எட்டிப் பார்த்தது.

பத்மா தலையிலிருந்து ஊக்கை எடுத்தாள்.

"ஏம்மா, ஏம்மா! சாமிப் பொட்டு!" என்று முதலாளி கையை நீட்டினார்.

அவள் சுரண்டினாள். எனக்குப் புரியாத உங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே சுரண்டினாள். என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். "உங்களுக்கில்லண்ணே" என்றாள். சந்தனம் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே மிளகளவு கண்ணாடிச் சன்னல். கடைசிச் செதில் விழுந்ததும் கைப்பிடி சட்டென்று சாய்ந்து படுத்துவிட்டது. அவள் பிடித்தாள், எழுந்தது. விட்டாள், படுத்தது.

இவ்வளவுதான் மாப்ள. அந்தக் கண்ணாடியில் வெளிச்சம் மறைந்தால் கை இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். சந்தனத்தையும் கை என்று நினைத்திருக்கிறது. ஆளில்லாத நேரத்தில் ஓய வேண்டிய மோட்டார் காலையிலிருந்து வெறுமனே தள்ளிக்கொண்டே நின்று, சூடேறி, சாயங்காலம் எரிந்துபோகாமலிருக்கத் தானே அடங்கியிருக்கிறது. ராத்திரி ஆறி, காலையில் பழையபடி. காலையில் வேடிக்கை காட்டக் கூட்டம் இல்லாததால், அது படுக்காமல் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பொட்டை வைத்தது யார்? ஒவ்வொரு கருவிக்கும் தன் கையாலேயே வைத்தார் முதலாளி. மறுநாள் நீ மானிட்டர்களைத் துடைக்கப் போனபோது, "அழிக்காதடா, தானா உதிரட்டும்" என்றார். டிரைவர், அடாப்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த நீ அந்தப் பொட்டை மட்டும் ஏன் தொடவில்லை? சாமிக்குப் பயந்தா, சம்பளத்துக்குப் பயந்தா? இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்கத்தான் முடியவில்லை.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். "யாருக்குத் தெரியும் இதெல்லாம்? மனசுல வச்சுக்காதம்மா. டீ சொல்லவா?"

பத்மா மேசையிலிருந்த போனை அவர் பக்கம் தள்ளினாள். "டீ வேணாம். தல்லாகுளத்துல விசாரிச்சப்ப இந்தப் போன்லதான சொன்னீங்க? இதுலயே சொல்லுங்க."

"அப்புறம் சொல்றேம்மா."

"இருக்கேன். சொல்லுங்க."

நான் டூல்ஸ் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். மூன்று கம்ப்யூட்டரும் அப்படியே கிடந்தன. அவர் அதைப் பார்த்தார், எண்ணை அழுத்தினார். குழைந்த குரலில் பேசினார்: "ஆமா சார், அந்தப் பையன் விஷயம். ஒண்ணுமில்ல, மோட்டார் கிடைச்சிருச்சு..."

கிடைத்துவிட்டதாம். எவ்வளவு சுலபமாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார், பார்த்தாயா? நான் வாயைத் திறப்பதற்குள் பத்மா ரிசீவரை வாங்கிவிட்டாள்.

"சார், நான் துளசிராம் தங்கச்சி பேசுறேன். கிடைக்கல சார். அது காணாமலே போகல."

தல்லாகுளத்தில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை கொடுப்பார்களா, கூப்பிட்டு உட்காரவைத்து இடமில்லை என்பார்களா, தெரியாது. நான் நம்பவில்லை. முதலாளி தெருவில் இன்னும் "கிடைச்சிருச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் ஒன்று சொல்கிறேன் மாப்ள. திங்கட்கிழமை நான் அவளோடு போகிறேன். அவள் படித்த படிப்பைக் கேட்கட்டும், டைப் அடிக்கச் சொல்லட்டும், தெரியவில்லையென்றால் திருப்பி அனுப்பட்டும். உன் பெயரைச் சொல்லி அனுப்பினால், சொன்னவரை விளாங்குடிக்குக் கூட்டி வந்து அந்த வார்னிஷில் விரலை வைக்கச் செய்யாமல் விடமாட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல்.

உன்னை மாப்ள என்று கூப்பிட்ட,
பத்மாவுக்கு இப்போது அண்ணனான,
வீரணன்