கையால் பத்த வைக்காத நட்சத்திரம்

இந்தத் திங்கட்கிழமை உன் தீப்பெட்டி என் மேசை இழுப்பறையில் அகப்பட்டது. திறந்ததும் அந்த மருந்து வாசனை. நீ செய்த கூத்து ஞாபகம் வந்து தனியாக உட்கார்ந்து சிரித்தேன்டி.

வெள்ளைக் குள்ள நட்சத்திரம் வெடிக்கும்போது உள்ளே தீ எப்படிப் பரவுகிறது என்று கணினியில் கட்டிப் பார்ப்பதுதான் நம் வேலை. நம்முடையதோ வெடித்துத் தொலைக்காது. நடுவில் பற்றும், கொஞ்சம் பொங்கும், அடங்கிவிடும். மற்ற குழுக்கள் தீ ஓரளவு பரவியதும் ‘இங்கே வெடி’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். ஊரறிந்த வழக்கம்தான். நீ மட்டும் ஒப்ப மாட்டாய். “கையால பத்த வெச்சா அது நட்சத்திரம் இல்லடி, தீபாவளி.”

கூத்து நடந்த அன்று, பார்வையிட வந்த பெரியவர்களுக்கு, தட்டையான செய்தித்தாளைவிடக் கசக்கியது வேகமாக எரியும், தீயும் கசங்கினால்தான் ஓடும் என்று காட்டுகிறேன் பேர்வழி என்று, அறைக்குள்ளேயே இரண்டையும் கொளுத்தினாய். புகை மணி அலறியது. கட்டடமே காலி. விவேக் நகரிலிருந்து வரும் நம் செக்யூரிட்டி அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“யாரு மேடம் பத்த வெச்சது?”

நீ கூசாமல் என்னைக் கை காட்டினாய்.

“ஏதாவது வெடிச்சிச்சா?”

“எங்கண்ணா, நாங்களும் தலகீழா நிக்கிறோம், வெடிக்கவே மாட்டேங்குது” என்றாய்.

அதிலிருந்து அவர் தினமும் கேட்டில் நிறுத்தி, “இன்னிக்காவது வெடிச்சுதா?” என்று விசாரிப்பார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நீயும் அதையேதான் கேட்டாய். இல்லை என்றேன்.

“கையால வெக்கலல்ல?”

“வெக்கல.”

உன் கன்னடம் கலந்த தமிழில் அதட்டினாய்: “அப்ப சும்னே அழாத. போய் வேலையப் பாரு.”

இந்த முறையும் வெடிக்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக மேலே சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், தீப்பெட்டி கிடைத்தபோது அந்த ஒரு வரியை எழுதித் தயாராக வைத்திருந்தேன். வாசனை ஏறியதும் அழித்துவிட்டு ஓட விட்டேன். இன்று மதியம் முடிவு வந்தது. பற்றியது, பொங்கியது, புஸ்வாணம். அப்படியே அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் கேட்டில் அண்ணன் கேட்டார். “வெடிச்சுதா மேடம்?”

“இல்லண்ணா.”

“அந்த மேடம் இருந்திருந்தா வெடிச்சிருக்குமா?”

“அவ இருந்தாலும் வெடிச்சிருக்காது. ஆனா யாரால வெடிக்கலன்னு கேட்டா, என்னைக் கை காட்டியிருப்பா.”

என்னை மாட்டிவிட ஆள் இல்லாமல் நன்றாகவே இல்லைடி. தீப்பெட்டியைப் பையிலேயே வைத்திருக்கிறேன். குச்சிகள் அப்படியே இருக்கின்றன. நான் ஒன்றையும் கிழிக்கவில்லை.