கிரேக்கத்தில் இல்லாத வரி

கன்னியர் மடம், பிராத்தோ
1493 ஏப்ரல் 9

அன்புத் தம்பி பால்தசாரேவுக்கு,

சுகம்தானே? வெனிசின் ஈரக்காற்று உன் நெஞ்சுச்சளிக்கு ஆகாது. கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள்.

அப்பா விட்டுப்போன கிரேக்க ஏட்டின் கடைசி இருபது தாள்களையும் லத்தீனில் பெயர்த்து, கோவேறு கழுதைக்காரர் நெரியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மூன்று குளிர்காலம் இதிலேயே போயிற்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முன்னுரையில் என் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கு. மடத்தில் எனக்கு இட்ட யூஃப்ராசியா என்ற பெயரானாலும் சரி. பெருமைக்காக இல்லை. புதிய மடத்தலைவி என் அறைக்கு வந்து, "யேசுவையே அறியாதவன் எழுதினது மடத்துக்கு எதுக்குடி? இந்தப் பூச்சி எழுத்தைப் பாத்தாலே பயமா இருக்கு" என்றார். கர்தினாலுக்குக் காணிக்கையாகும் நூலில் என் பெயர் வரும் என்று சொல்லித்தான் ஏட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

தங்கைக்குச் சீர் கொடுத்த பிறகு எனக்கு மிச்சமிருந்தது இந்த மடமும் அந்த ஏடும்தான்.

உன் அக்கா
லிசபெத்தா

வெனிஸ்
1493 செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நூல் வந்துவிட்டது! ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். மனிதன் தன் விருப்பத்தால் தன்னையே ஆக்கிக்கொள்பவன் என்று பத்துப் பக்கம் முன்னுரை எழுதினேன். எல்லோரும் மெச்சுகிறார்கள். நூலுக்குள் பதினாறாம் தாளின் பெயர்ப்பில் வரும் "விதி மனிதனுக்கு அறையைக் கட்டியது, அவன் மனதுக்குச் சுவர் எழுப்ப மறந்துவிட்டது" என்ற வரியை விருந்துகளில் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

உன் பெயரைப் போட முடியவில்லை. அச்சகக்காரர், "கன்னியாஸ்திரி பேரைப் போட்டா பதுவா வாத்தியாருங்க தொடுவாங்களா?" என்று கேட்டுவிட்டார். அதனால் என்ன, அட்டையில் இருப்பது நம் குடும்பப் பெயர்தானே. அதில் நீயும் அடக்கம்.

பாசமுள்ள
பால்தசாரே

பதுவா
1493 நவம்பர் 20

அக்கா,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கோபமா?

இங்கே பல்கலைக்கழகத்தில் கிரேக்க ஆசிரியர் பதவி எனக்கென்று முடிவாகியிருந்தது. நடுவில் கிரீத் தீவுக்காரர் ஒருவர் சபையில் எழுந்தார். "இதே நூல் எங்கிட்டயும் இருக்குங்க. அந்த விதி வரி அதுல காணோமே! உங்க ஏட்டுல எந்தத் தாள்ல இருக்கு, கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

டிசம்பர் பதினைந்தில் மறுபடி சபை கூடுகிறது. ஏட்டை அனுப்பு. முடியாவிட்டால் தாள் எண்ணையாவது எழுது. உன் காலில் விழுகிறேன்.

பால்தசாரே

கன்னியர் மடம், பிராத்தோ
1493 டிசம்பர் 3

பால்தசாரேவுக்கு,

ஏடு இல்லை. நீ அனுப்பிய பிரதியை மடத்தலைவி எனக்கு முன்னால் பிரித்து, முன்னுரையில் வரிவரியாக விரல் வைத்துத் தேடினார். "எங்கடி உன் பேரு? பத்துப் பக்கத்துல ஒரு இடத்துலகூட இல்லையே. இத்தனை நாளும் எங்கிட்ட பொய்யா சொன்னே?" என்றார். அன்றே ஏடு அடுப்புக்குப் போனது. ஆட்டுத்தோலில் எழுதிய ஏடு லேசில் எரியாது. நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

நீ தேடும் வரி எந்தத் தாளிலும் இல்லை. பதினாறாம் தாளில் பூச்சி அரித்த ஓர் இடம் இருந்தது. அங்கே என்ன இருந்திருக்கும் என்று யோசித்து, மனம் கேட்காமல் நானே எழுதிய வரி அது. பக்கத்திலேயே கிரேக்கத்தில் குறிப்பும் வைத்தேன்: "இது என்னுடையது. அச்சில் நீக்கிவிடு." தம்பிக்குக் கிரேக்கம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சபையில் என்ன சொல்வாயோ, அது உன் பாடு. அக்கா எழுதினாள் என்று சொன்னால் பதவி போகும். நீயே எழுதியதாகச் சொன்னால் ஒருவேளை நிலைக்கும். நான் மறுத்துப் பேச வரமாட்டேன். என்னைக் கேட்கவும் யாரும் வரப்போவதில்லை.

என்னைச் சலவைக்கு மாற்றிவிட்டார்கள். சாம்பல் நீரில் விரல்கள் வெடித்து, பேனா பிடிக்க வலிக்கிறது. இதை எழுதவே மூன்று நாளாயிற்று. இனி எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

சகோதரி யூஃப்ராசியா