கெப்டன் பெல்மோரின் தாடி கறுத்த வரலாறு

எஹலியகொட,
14.06.2005.

அன்பு மகள் ஷாமிளாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். மெல்பேர்ன் குளிரிலும் நீ அவ்வாறே இருப்பாய் என்ற நம்பிக்கையுடன் தொடங்குகிறேன். இங்கு ஒரு வாரமாக மழை, இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு இல்லை, ஆயினும் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ருவான்வெல்லையில் உன் சித்தி மகன் சுதாகரனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு வார்த்தை பேசிவிடு. இனி விடயத்துக்கு வருகிறேன். 'கெப்டன் பெல்மோர்' கணினி விளையாட்டின் பதினைந்தாண்டு நிறைவு மலருக்கு நீ எழுதிய கட்டுரையில், முதற்பாகத்தில் நரைத்த தாடியுடன் கப்பலோடு மூழ்கிய கெப்டன் இரண்டாம் பாகத்தில் கறுத்த தாடியுடன் வந்தான் என்று எழுதியிருந்தாய். அவன் 1990இல் இளைஞனாக வந்து, 1992இல் நடுவயதாகி, 1994இல் வெளியான மூன்றாம் பாகத்திலேயே மூழ்குகிறான், ஆகவே நீ விளையாடாமலே கதை கட்டியிருக்கிறாய் என்று மலராசிரியர் எழுதிவிட்டார்; இம்மாதம் முப்பதாம் திகதிக்குள் விளக்கம் இல்லையெனில் கட்டுரை நீக்கப்படும். "நான் இல்லாததையா அப்பா எழுதிட்டேன்?" என்று ஞாயிறன்று தொலைபேசியில் நீ அழுதபோது, சான்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்போது பார்த்துவிட்டேன். நீ எழுதியது உண்மை. பிழை என்னுடையது.

நேற்றுக் காலை, நீ விளையாடிப் பழகிய புவாட்டின் கணினிக் கடைக்குப் போனேன். அந்தப் பழைய பிளொப்பிப் பெட்டிகள் மூன்றையும் அவர் எறியாமல் வைத்திருக்கிறார். மூன்றிலும் என் கையெழுத்தில் ஒட்டுத்தாள்: 1, 2, 3, கீழே திகதிகள் 1995, 1996, 1997. அப்போதுதான் நினைவு வந்தது. கொழும்பிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக வந்தபோது, நல்ல கையெழுத்து என்று புவாட் என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். நொத்தாரிசு எழுதும் காணி உறுதிப் பத்திரங்களுக்கு இலக்கமிடுவது கையொப்பமாகும் வரிசையில். காணி எவ்வளவு பழையது என்பது அங்கே கணக்கில்லை. அந்தப் பழக்கத்தில், வந்து சேர்ந்த வரிசைப்படியே இலக்கமிட்டு, பெட்டியில் ஏற்கனவே இருந்த இலக்கத்தின் மேல் ஒட்டியும் விட்டேன். வெந்நீரில் நனைத்து உரித்துப் பார்த்தோம்: என் ஒன்றின் கீழே மூன்று, இரண்டின் கீழே ஒன்று, மூன்றின் கீழே இரண்டு. புவாட் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். "லோயர் ஐயா, அந்த மனிசன் தாடிக்கி டை பூசீக்கான் என்டு எத்தன புள்ளயளுக்கு சொல்லீக்கன் நான்!" என்றார். நான் மட்டும் என்ன? மூழ்கிய கப்பல் எப்படித் திரும்ப வந்தது என்று நீ கேட்டதற்கு, காப்புறுதி நட்டஈட்டில் புதிது வாங்கியிருப்பார்கள் என்று விளக்கம் சொன்னவன் நானே. அம்மாவிடம் சொன்னபோது, "அந்தப் புள்ள அன்னைக்கே சந்தேகப்பட்டுச்சு, நீங்கதான் சட்டம் பேசி வாயை அடைச்சீங்க" என்றாள்.

இத்துடன் என் சத்தியக்கடதாசியும் மூன்று ஒட்டுத்தாள்களின் பிரதிகளும் உள்ளன. என் கூற்றை நானே உறுதிப்படுத்த முடியாதென்பதால் சமாதான நீதவான் நுஹ்மான் மாஸ்டரிடம் சென்றேன். வாசித்துவிட்டு, "முப்பது வருசமா ஊராருக்கு எழுதிக் குடுத்தீங்க, இப்பதான் ஒங்களுக்கே எழுதீக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தார். இதனை முப்பதாம் திகதிக்கு முன் மலராசிரியரிடம் ஒப்படைத்து, பிரதியொன்று உன்னிடம் வைத்துக்கொள். என் பெயரைக் காப்பதற்காகக் கட்டுரையில் ஒரு வரியையும் மாற்றாதே. யாருடைய பிழை என்பதை முழுப்பெயருடன் எழுது. மூழ்கியபின் இளைஞனாகி நடுவயதோடு நின்றுவிட்ட கெப்டனை எஹலியகொடப் பிள்ளைகள் மட்டுமே அறிவார்கள், அது பதிவில் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. எல்லா நலனும் உனக்கு வாய்க்க நாங்கள் இருவரும் மனமார ஆசீர்வதிக்கிறோம். நினைவிருக்கட்டும்: நேற்றும் இன்றும் புவாட்டின் கடையில் முதலிரண்டு பாகங்களையும் சரியான வரிசையில் விளையாடத் தொடங்கியிருக்கிறேன். உண்மையான மூன்றாம் பெட்டியை என் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். டிசம்பரில் நீ வரும்வரை அந்தக் கப்பல் மூழ்காது.

இப்படிக்கு, உன் அன்பு அப்பா,
வெ. காத்தமுத்து,
சட்டத்தரணியும் நொத்தாரிசும்.